பிப்ரவரி பதினொன்றில் விரித்த துணி

பிப்ரவரி பிறந்துவிட்டால் தோங்கோ என்கிற ஊரில் நாய்கூடக் கால் மாற்றி அணிவகுத்து நடக்கும் என்பாள் ஸெனாபு. அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. ஆனாலும் இந்த விஷயத்தில் அவள் சொன்னதில் மிகை கொஞ்சம்தான். பதினொன்றாம் தேதி கேமரூன் நாட்டு இளைஞர் திருநாள். ஒரு மாதம் முன்பே ஊரில் விசில் சத்தம் தொடங்கிவிடும். பாடம் நடக்கிறதோ இல்லையோ, பிள்ளைகள் செம்மண் சாலையில் கை வீசி நடந்துகொண்டே இருப்பார்கள். தோள் உயரத்துக்குக் கை எழும்பாத பிள்ளையிடம் வாத்தியாரின் பிரம்பு பேசும். சந்தையில் வெள்ளைக் காலுறை கிடைக்காது. கிடைத்தால் அதற்குச் சொல்கிற விலையைக் கேட்டுக் காலே கூசும்.

யாதேக்கு இந்தத் திருநாளில் பாத்தியதை எதுவும் இல்லை. அவள் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் துப்பாக்கிக்காரர்கள் அவளுடைய ஊரைக் கொளுத்திய வருடம், புருஷனைப் பறிகொடுத்து, இன்னும் நடக்கப் பழகாத பெண் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்தவள். அன்றிலிருந்து தோங்கோவின் லாரிப் பேட்டையில் தகரக் கொட்டகை போட்டு, மாவு உருண்டை பொரித்து, அவரைக் குழம்போடு லாரிக்காரர்களுக்கு விற்றுப் பிழைக்கிறாள். பக்கத்துக் கொட்டகையில் ஸெனாபு புகை போட்ட மீன் விற்கிறாள்; அவளும் அதே வருடம் அதே வழியாக வந்தவள்தான். அகதி என்கிற பெயர் இருவருக்கும் ஒட்டிக்கொண்டு, இப்போது தோல் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருடம் மட்டும் யாதே ஒத்திகை விசில் கேட்கும்போதெல்லாம் அடுப்பை விட்டு எழுந்துவிடுகிறாள். எண்ணெய் தீய்கிறது, உருண்டை கருகுகிறது, லாரிக்காரர்கள் திட்டுகிறார்கள். காரணம் இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளி அணியின் முன்னால் தனியாக நடந்து, மேடைக்கு நேரே வந்ததும் கட்டளை கொடுக்கப்போகும் பெண் அவளுடைய மகள்.

மகள் என்று ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அங்கேதான் சிக்கல்.

அந்தக் குழந்தைக்கு யாதே வைத்த பெயர் சிங்கீலா. அவர்கள் பேச்சில் நன்றி என்று பொருள். உயிரோடு ஆற்றைத் தாண்டியபின் வாயில் அதைத் தவிர வேறு சொல் வரவில்லை; அதற்கு முன்பு கூப்பிட்ட பெயரை விட்டுவிட்டு இதையே வைத்தாள். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் கடைசி வகுப்புத் தேர்வு எழுதப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அது அந்தப் பக்கத்து நகராட்சிக் கட்டடத்தோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது. எரிந்த கட்டடத்திலிருந்து நகல் வாங்கி வரச் சொன்னார் ஒரு குமாஸ்தா. அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சொன்னார்.

அப்போதுதான் கிளெமான்ஸ் அக்கா வந்தாள். வனத்துறைச் சாவடி அதிகாரி காஸ்தோன் யோங்கோவின் மனைவி, யாதேயின் குலத்துக்காரி. வெள்ளைக்காரன் எல்லைக்கோடு போட்டபோது அந்தக் குலத்தில் பாதி இந்தப் பக்கம் விழுந்தது, பாதி அந்தப் பக்கம். கோடு நிலத்தில்தான், சோற்றுப் பானைக்குக் கோடு கிடையாது. அந்தக் குலத்தில் அக்கா பிள்ளை, தங்கை பிள்ளை என்ற பேச்சே இல்லை. எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டுப் பிள்ளை. அதனால் காஸ்தோன், குழந்தையை எங்கள் பிள்ளையாகப் பதிந்துவிடுகிறேன், தேர்வு முடிகிறவரைதானே என்றபோது யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. உலக்கை இரவல் கொடுப்பதுபோலத்தான் யாதே பிள்ளையைக் கொடுத்தாள். அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். சான்றிதழில் விழுந்த மிரேய் யோங்கோ என்ற பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிங்கீலாதான் அதிகமாகச் சிரித்தாள்.

இரவல் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் ஒரே குலம். ஆனால் காகிதத்துக்குக் குலம் தெரியாது. அதை இவர்கள் யோசிக்கவில்லை.

அதிகாரி மகள் லாரிப் பேட்டைக் கொட்டகையில் படுத்தால் கேள்வி வரும் என்று பெண் காஸ்தோன் வீட்டுக்குக் குடிபோனாள். பள்ளியில் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அவர்களை அப்பா, அம்மா என்று அழைக்கப் பழகினாள். யாதேக்கு ஒரு பெயர் வேண்டுமே. அதற்குச் சட்டம் போட்டவள் யாதேயேதான். பெண்ணை உட்காரவைத்து, தலைக்குப் பின்னல் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆளுங்க முன்னால நான் உனக்குச் சித்தி. ஆள் இல்லாத எடத்துல அம்மா. புரிஞ்சுதா?"

பெண்ணுக்கு நன்றாகவே புரிந்தது. ஆரம்பத்தில் மாலை வேளைகளில் கொட்டகைக்கு ஓடிவருவாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, காதோடு காதாக அம்மா என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக யாதே நாள் முழுக்கக் காத்திருப்பாள். பிறகு வீட்டுப்பாடம் வந்தது, கிளெமான்ஸ் வீட்டுத் தொலைக்காட்சி வந்தது, அணிவகுப்பு ஒத்திகை வந்தது. வருகை குறைந்தது. யாதே குறை சொல்லவில்லை; படிக்கிற பிள்ளை, படிக்கட்டும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஜனவரி கடைசியில் காஸ்தோனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தெற்கே, கடல் பக்கம். திருநாள் முடிந்த கையோடு சனிக்கிழமை சாமான் ஏற்றுகிறார்கள். குடும்பத்தோடு போகிறார்கள்; மிரேயும் குடும்பம்தானே.

யாதே அன்று அடுப்பை அணைத்துவிட்டு கிளெமான்ஸ் வீட்டுக்கு நடந்தாள். கோபத்தோடுதான் போனாள். ஆனால் கிளெமான்ஸிடம் சண்டை போடுவது கஷ்டம், அவள் நல்லவள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், யாதே பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் நல்ல பள்ளி இருக்கிறது என்றும், இங்கே லாரிப் பேட்டையில் வளரும் பெண்களின் கதி என்ன ஆகிறது என்று யாதேக்கே தெரியும் என்றும் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

"நான் பிடிச்சு வெச்சுக்கல யாதே. உன் பொண்ணு, நீ கூட்டிட்டுப் போ" என்றாள் கிளெமான்ஸ். "ஆனா எந்தப் பேர்ல படிப்பா? நீ வாயத் திறந்தா சர்டிபிகேட் போச்சு, அவ பரீட்சை போச்சு, என் வீட்டுக்காரர் வேலையும் போச்சு. அதையும் சேத்து யோசி."

யாதே யோசித்தாள். இரவும் பகலும் யோசித்தாள். வாயைத் திறந்தால் பெண்ணின் படிப்பு போகும். மூடினால் பெண்ணே போவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். கடைசியில், இதைத் தீர்மானிக்க வேண்டியவள் சிங்கீலாதான் என்று தோன்றியது. அம்மாவோடு இருக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டால், வருவது வரட்டும், வாயைத் திறந்துவிடுவது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு, நானா அவளா என்று கேட்கிற துணிச்சல் யாதேக்கு இல்லை. கேட்பதற்கு அவள் வேறு வழி கண்டுபிடித்தாள்.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம். கல்யாணப் பெண் வரும்போதும், ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர் வரும்போதும், பெண்கள் இடுப்புத் துணியை அவிழ்த்து வழியில் விரிப்பார்கள். இப்போது அணிவகுப்புக்கும் விரிக்கிறார்கள். முன்னால் நடக்கும் பிள்ளையின் தாய் சாலையில் துணியை விரிப்பாள்; பிள்ளை அதை மிதித்துப் போகும். எந்தத் துணியை மிதித்ததோ அந்த வீட்டில்தான் அன்று இரவுச் சாப்பாடு. அதற்கு மேல் அந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்ற விவாதத்துக்கு இடமில்லை.

திருநாளுக்கு முதல் நாள் மறுபடியும் கிளெமான்ஸ் வீட்டுக்குப் போய், நாளைக்கு என் துணியை நான் விரிக்கிறேன் என்றாள்.

"எந்தத் துணி?" என்று கேட்டாள் கிளெமான்ஸ்.

யாதேயிடம் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கத்து மகளிர் சங்கம் ஒரு மார்ச் மாத மகளிர் தினத்துக்கு அச்சடித்தது. நீலத்தில், நடுவே அவள் நாட்டின் வரைபடம். வெளுத்துப்போயிருந்தாலும் எது எந்த நாடு என்று தெரியும். கிளெமான்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். மேடையில் துணை ஆட்சியர் உட்கார்ந்திருப்பார், கல்வி அதிகாரி உட்கார்ந்திருப்பார், அவர்கள் காலடியில் அகதியின் நாட்டு வரைபடத்தை விரித்து அதன்மேல் மிரேய் யோங்கோவை நடக்கவிடுவதா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிறகு, யாதேயின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அவளே ஒரு வழி சொன்னாள்.

"மேடை முன்னால நான் விரிக்கிறேன். அது பார்க்கிறவங்களுக்கு. நீ மேடையத் தாண்டி, டெலிபோன் டவர்கிட்ட விரி. அங்க அதிகாரி யாரும் இருக்க மாட்டாங்க. அவ உன் துணிய மிதிச்சா கூட்டிட்டுப் போயிடு. மீதிய நான் சமாளிக்கிறேன், வீட்டுக்காரர்கிட்டயும் பேசிக்கிறேன்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். யாதே அன்று மாலையே பள்ளி வேலியோரம் நின்று, சிங்கீலாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். டவர்கிட்ட நிற்பேன், துணி போட்டிருப்பேன், மிதித்தால் ராத்திரி நம் வீட்டில் சாப்பாடு. பெண் சரி என்றாள். பக்கத்தில் தோழிகள் இருந்ததால் வேறு எதுவும் சொல்லவில்லை. சரி என்றாளே, அதுவே யாதேக்குப் போதுமாக இருந்தது. அன்றிரவு மரவள்ளி இலையை இடித்து, வேர்க்கடலை விழுது சேர்த்து, ஸெனாபுவிடம் பெரிய மீனாகப் பார்த்து வாங்கிப் போட்டுக் குழம்பு வைத்தாள். துணிக்கு மரவள்ளிக் கஞ்சி போட்டு, கல் வைத்து அழுத்தி மடித்தாள்.

பதினொன்றாம் தேதி காலையிலேயே சாலையை மறித்துவிட்டார்கள். எல்லையிலிருந்து வந்த லாரிகள் ஊருக்கு வெளியே வரிசையாக நின்றுவிட்டன. புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தார்கள். வெயில் அதை வாங்கிக் குடித்துவிட்டுப் புழுதியைத் திருப்பிக் கொடுத்தது. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன துணை ஆட்சியர் பத்தரைக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்; அது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான், மயங்கியவர்களைத் தூக்கிக்கொண்டு போவதற்கென்றே ஒரு செஞ்சிலுவைக் குழு நின்றிருந்தது.

அகதிகளுக்கென்று யாரும் இடம் ஒதுக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தாங்களாகவே மேடைக்கு எதிர்ப்புறம், கடைசியில், மாமரத்தடியில்தான் போய் நின்றார்கள். ஸெனாபு மீன் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாதே அக்குளில் துணியை இடுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள்.

தேசிய கீதம் பாடினார்கள். இது ஒவ்வொரு வருடமும் அவர்களுக்குச் சங்கடமான நேரம். எழுந்து நிற்கலாம், அதில் தப்பில்லை. வாயை என்ன செய்வது? பாடினால் நடிப்பு, பாடாவிட்டால் திமிர். ஸெனாபு உதட்டை மட்டும் அசைத்தாள்.

"என்னடி முணுமுணுக்கிற?" என்று கேட்டாள் யாதே.

"மீன் விலை சொல்லிக்கிட்டிருக்கேன். தூரத்துல இருந்து பார்த்தா பாடற மாதிரிதான் இருக்கும்."

யாதேக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முதலில் மழலைப் பள்ளி வந்தது. ஆளுக்கொரு திசையில் நடந்த அந்தக் குஞ்சுகளைப் பார்த்து மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அடுத்து இரண்டு பள்ளிகள். பிறகு அரசுத் தொடக்கப் பள்ளியின் பெயர்ப் பலகை தெரிந்தது. பலகைக்குப் பின்னால், அணிக்கு முன்னால், தனியாக, சிங்கீலா.

நீலச் சீருடை, வெள்ளைக் காலுறை, வெள்ளைக் கையுறை. எல்லாம் கிளெமான்ஸ் வாங்கிக் கொடுத்தது. கை தோளுக்கு எழும்புகிறது, இறங்குகிறது; ஒரு தப்பு இல்லை. மேடைக்கு நேரே வந்தபோது அவள் தலையை வெட்டித் திருப்பி, "வலப்பக்கம் பார்!" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரல் சந்தையைத் தாண்டிப் போயிருக்கும். பின்னால் வந்த அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

ஸெனாபு மெதுவாகச் சொன்னாள்: "சீருடை கிளெமான்ஸோடது, ஷூ கிளெமான்ஸோடது. தொண்டை மட்டும் உன்னோடதுடி."

உண்மைதான். லாரிப் பேட்டையில் விடியற்காலையில் சூடான உருண்டை என்று கூவும் அதே குரல். காகிதத்தில் எந்தப் பெயர் இருந்தால் என்ன, இந்தக் குரலுக்கு யார் சான்றிதழ் கொடுக்க முடியும் என்று யாதே நிமிர்ந்து நின்றாள். ஊரே திரும்பித் தன்னைப் பார்க்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். யாரும் பார்க்கவில்லை. கிளெமான்ஸ் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, குலவை போட்டபடி புதுத் துணியைச் சாலையில் விரித்தாள். திருநாளுக்காகவே அச்சடித்த துணி. சிங்கீலா அதை நடுவில் மிதித்து, கால் தப்பாமல் கடந்து போனாள். பெண்கள் ஆரவாரம் செய்தார்கள்.

அதுவரைக்கும் பேசி வைத்தபடிதான். யாதே கூட்டத்துக்குப் பின்னாலேயே ஓடினாள். குழந்தைகளை இடித்துக்கொண்டு, புளிச்சைப் பூவை ஊறவைத்த இனிப்புப் பூச்சாறு விற்பவர்களின் வாளிகளைத் தாண்டிக்கொண்டு, அணி வந்து சேருவதற்குள் டவரடிக்குப் போய்விட வேண்டும் என்று ஓடினாள். போய்ச் சேர்ந்தாள். அங்கே ஈ காக்கை இல்லை; சாலை மறித்ததால் நின்றுபோன முதல் லாரியும், அதன் ஜன்னலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்த ஓட்டுநரும்தான். யாதே துணியை உதறி, சாலையின் நடுவில் விரித்து, நான்கு மூலையையும் கையால் நீவிவிட்டாள். வரைபடம் மேலே தெரியும்படி வைத்தாள். பிறகு ஓரமாகப் போய் நின்றாள்.

தோங்கோவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்றை அவள் மறந்துபோயிருந்தாள். அணிவகுப்பு என்பது மேடையின் கண் எட்டும்வரைதான். அதைத் தாண்டிவிட்டால் வாத்தியாருமில்லை, பிரம்புமில்லை. கொத்தாக அவிழ்த்துவிட்ட ஆடுகள்போலப் பிள்ளைகள் சிதறுவார்கள். பூச்சாறும் ஐஸும் எங்கே என்று ஓடுவார்கள்.

அப்படித்தான் வந்தார்கள். கத்திக்கொண்டு, தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு, காலுறையைக் கழற்றிக்கொண்டு. துணி அவர்கள் கண்ணில் படவேயில்லை. அத்தனை கால்களும் அதன்மேல் ஓடின. ஒருவன் வழுக்கி விழுந்து, எழுந்து, துணியைத் திட்டிவிட்டுப் போனான். யாதே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிங்கீலா அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஓடிய ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். மிரேயை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், துணை ஆட்சியர் கூப்பிட்டாராம் என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டு அவளும் ஓடிவிட்டாள்.

யாதே துணியை எடுத்து உதறி, மறுபடியும் விரித்தாள். கஞ்சியின் விறைப்பெல்லாம் போயிருந்தது. அடுத்த பள்ளி வந்து சிதறி ஓடியது. மறுபடியும் உதறி விரித்தாள். பெரிய பள்ளிகள் வந்தன, சங்கங்கள் வந்தன, கட்சிக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் துணியின் மேல்தான் போனார்கள். அத்தனை பேரையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைத்தால் பானை தாங்காது.

லாரி ஓட்டுநர் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சாலையில் துணி விரித்து உட்கார்கிறவர்கள் தக்காளியோ வெங்காயமோ விற்பார்கள். இவள் வெறுந்துணியை விரித்துவிட்டு நிற்கிறாள்.

"என்னம்மா, கடை போட்டுட்டே? சரக்கு எங்க?" என்று கேட்டான்.

"வரும்" என்றாள் யாதே.

சரக்கு வந்தது. மேளமெல்லாம் ஓய்ந்து, கூட்டம் பந்தாட்டத் திடலுக்குப் போய், நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகு வந்தது. ஒரு கையில் சிவப்புப் பூச்சாறு பாக்கெட், மார்பில் மூவர்ண ரிப்பன். சிங்கீலா ஓடித்தான் வந்தாள். அதையும் சொல்ல வேண்டும். அவள் மறக்கவில்லை, வந்தாள். மூச்சு வாங்க, ஆட்சியர் தனக்குக் கை கொடுத்தார் என்றும், பெரியவளானால் ராணுவ அதிகாரி ஆகலாம் என்று சொன்னார் என்றும், எல்லோர் முன்னாலும் சொன்னார் என்றும் கொட்டித் தீர்த்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. யாதே கேட்டுக்கொண்டே இருந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் பெண், இந்தப் பக்கம் தாய். ஒரு எட்டு வைத்தால் போதும்.

சிங்கீலா குனிந்து துணியைப் பார்த்தாள்.

"ஐயோ, என்ன சித்தி, துணியெல்லாம் புழுதி. நடு ரோட்டுல போட்டுட்டீங்களே."

யாதே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஓட்டுநர்கூட இறங்கி எங்கோ போயிருந்தான். சாலையில் ஒரு ஆள் இல்லை.

"யாரும் இல்லடி" என்றாள். "பாரு, யாருமே இல்ல."

"ஆமா சித்தி, எல்லாரும் மேட்ச் பார்க்கப் போயிட்டாங்க. நானும் போகணும்."

வேண்டுமென்றே சித்தி என்று சொல்லியிருந்தால் யாதே தாங்கியிருப்பாள். பயந்து சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். பெண் யோசிக்கவேயில்லை. அது அவள் வாயில் அப்படியே வந்தது, தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்வதுபோல.

இரண்டாவது சொல் ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துவிட்டது. சட்டம் போட்டவளுக்கு மட்டும்தான் சட்டம் நினைவிருந்தது.

சிங்கீலா பூச்சாறு பாக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, துணியைத் தூக்கி, நன்றாக உதறினாள். வெள்ளைக் கையுறையில் செம்மண் ஒட்டியது. மூலைக்கு மூலை சேர்த்து, பெரிய மனுஷி மாதிரி நான்காக மடித்து யாதேயின் கையில் கொடுத்தாள். நல்ல பிள்ளையாகத்தான் வளர்த்திருந்தார்கள்.

"மிதிக்கலையா?" என்று கேட்டாள் யாதே.

"ஷூவெல்லாம் அழுக்கு. நல்ல துணி பாழாயிடும்" என்றாள் பெண். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, "ராத்திரிக்கு அம்மா கோழி பண்றாங்க. நீங்களும் வந்துடுங்க சித்தி, சனிக்கிழமை நாங்க கிளம்பிடுவோம்ல" என்றாள்.

யாதே தலையை ஆட்டினாள். நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிடக் கையை நீட்டினாள். அதற்குள் திடலிலிருந்து கோல் விழுந்த கூச்சல் கேட்டது. பெண் ஓடிவிட்டாள். ஓடும்போதும் அவள் கை தோள் உயரத்துக்கு எழும்பி இறங்கியது. ஒரு மாதப் பழக்கம், இனிச் சீக்கிரம் போகாது.

யாதே அங்கேயே நின்றாள். வாயைத் திறந்து ஊரைக் கூட்டலாம். துணை ஆட்சியரைத் தேடிப்போய், இது என் பிள்ளை என்று காலைப் பிடிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்காக? கோழிக் குழம்புக்குக் காத்திருக்கிற, கடல் பார்க்கக் காத்திருக்கிற மிரேய் யோங்கோவுக்காகவா? அவளுக்கு இவள் சித்திதான். அணைத்துவிட்டு வந்த அடுப்பில் மரவள்ளிக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கும். ஸெனாபு வந்து சாப்பிடுவாள், அவளே புகை போட்டு விற்ற மீன்தானே.

சாலைத் தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். ஓட்டுநர் திரும்பி வந்து லாரியில் ஏறி, எஞ்சினைக் கிளப்பினான். துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவளைக் கண்டதும் வண்டியை மெதுவாக்கினான். நல்ல மனுஷன், நாள் முழுக்க வெயிலில் நின்ற பெண் வெறுங்கையோடு போகிறாளே என்று நினைத்திருப்பான்.

"என்னம்மா, கடைசிவரைக்கும் சரக்கு வரலையா?"

"வந்துச்சுய்யா" என்றாள் யாதே. "எப்பவோ வித்துப்போச்சு."